தீர்மானம் போட்டால் போதுமா? சட்டமன்றம் வரை கொண்டுபோவது எப்படி?

கேள்வி: ஐயா, வணக்கம். நான் கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியின் வார்டு உறுப்பினர். 2022 பிப்ரவரித் தேர்தலில் முதல் முறையாக நின்று ஜெயித்தேன். எங்கள் மன்றத்தில் கட்சி பார்க்காமல் பல தீர்மானங்கள் போட்டு அரசுக்கு அனுப்பியிருக்கிறோம். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வருடம் எல்லாவற்றையும் சேர்த்து 23 கோரிக்கைகள் கொண்ட மனுவை, ஊர் விழாவுக்கு வந்த எம்.எல்.ஏ.வுக்குச் சால்வை போட்டுக் கொடுத்தோம். வாங்கிப் பக்கத்தில் நின்றவரிடம் தந்தார். கூட்டத்தொடர் வந்தது, முடிந்தது. எங்கள் ஊர்ப் பேச்சே எழவில்லை. 2024 டிசம்பர் மழையில் என் வார்டில் நான்கு நாள் தண்ணீர் நின்றது. வாய்க்காலைத் தூர்வாரக் கேட்டு அதற்கு முன்பே இரண்டு தீர்மானம் போட்டிருந்தோம். இப்போது தெருவுக்குள் போனால், "உங்க தீர்மானத்தைக் கரைச்சுக் குடிக்கவா?" என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கும் என் தம்பி, அங்கே நகர மன்றங்கள் இன்னின்ன சட்டம் வேண்டும் என்று வருடாவருடம் சட்டமன்றத்துக்குப் பட்டியல் கொடுக்கும் என்கிறான். நாம் அப்படிக் கேட்க முடியாதா? எங்கள் தீர்மானத்துக்கு மதிப்பே இல்லையா? மனுவின் நகலை இணைத்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

உங்கள் மனுவை மூன்று முறை படித்தேன். எழுத்தராகச் சேர்ந்து செயல் அலுவலராக ஓய்வு பெறும் வரை முப்பத்தோரு வருடம் பேரூராட்சி அலுவலகங்களில் இருந்தவன் நான். இந்த மாதிரி மனுக்களை நானே தட்டச்சு செய்து மேலே அனுப்பியிருக்கிறேன். பதில் வராமல், அடுத்த மன்றக் கூட்டத்தில் உறுப்பினர்களின் முகத்தைப் பார்க்கச் சங்கடப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் உங்களைக் கேட்ட அந்தக் கேள்வி எனக்கும் வலிக்கிறது.

உங்கள் 23 கோரிக்கைகளும் நியாயமானவை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இருபத்து மூன்றையும் ஒரே ஆளிடம் கேட்டிருக்கிறீர்கள். பேனாவை எடுத்து ஒவ்வொன்றின் பக்கத்திலும், இதைச் செய்யும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தேன். எட்டு, உங்கள் மன்றமே செய்துகொள்ளக் கூடியவை. பத்து, ஏதாவது ஒரு துறையின் அரசாணையோ பணமோ கிடைத்தால் போதும், சட்டம் தேவையில்லை. மூன்று, மாநில அரசே நினைத்தாலும் தனியாகச் செய்ய முடியாதவை. சட்டமன்றத்தில் மசோதாவாக வர வேண்டியவை இரண்டே இரண்டு. அந்த இரண்டும் 17ஆவது, 19ஆவது இடத்தில், தெருவிளக்குக்கும் பொதுக் கழிப்பறைக்கும் நடுவில் கிடக்கின்றன. எம்.எல்.ஏ.வே உட்கார்ந்து படித்திருந்தாலும் அவர் கண்ணில் பட்டிருக்காது.

உங்கள் தம்பி சொன்னது உண்மைதான். வர்ஜீனியாவில், மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரம் மட்டும்தான் நகர மன்றத்துக்கு உண்டு. 1868இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் எழுதிய தீர்ப்பிலிருந்து வந்த கோட்பாடு அது. டில்லன் விதி என்பார்கள். அதனால் ஒரு சின்ன அதிகாரம் வேண்டுமானாலும் சட்டமன்றத்திடம் போய்த்தான் கேட்க வேண்டும். அங்கே சட்டமன்றம் ஜனவரி இரண்டாவது புதன்கிழமை கூடும். இரட்டைப்படை ஆண்டில் கூட்டத்தொடர் 60 நாள்தான். ஆகவே உள்ளூர் மன்றங்கள் டிசம்பருக்குள் பட்டியலை முடிவு செய்து தங்கள் பகுதி உறுப்பினர்களிடம் சேர்த்துவிடுகின்றன.

நம் நிலைமையும் அடிப்படையில் வேறு இல்லை. அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் உள்ளாட்சி என்பது மாநிலப் பட்டியலில் ஐந்தாவது பொருள். 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்து, பன்னிரண்டாவது அட்டவணையில் 18 பொருள்களை நகர்ப்புற உள்ளாட்சிக்கு உரியவை என்று எழுதியது. ஆனால் 243டபிள்யூ பிரிவு என்ன சொல்கிறது? அந்த அதிகாரங்களை மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின் மூலம் வழங்கலாம் என்கிறது. 'வழங்கலாம்' என்ற அந்த ஒரு சொல்லில்தான் நம் மன்றங்கள் முப்பது வருடத்துக்கு மேலாக நின்றுகொண்டிருக்கின்றன. வழங்கச் சொல்லிக் கேட்பது பிச்சை கேட்பதல்ல. அரசியலமைப்பு எதிர்பார்க்கும் வேலையே அது.

முன்பு இதற்கு ஒரு நேர்வழி இருந்தது. சட்ட மேலவை இருக்கும் மாநிலங்களில் அதன் உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கை உள்ளாட்சி உறுப்பினர்களே தேர்ந்தெடுப்பார்கள், 171ஆவது பிரிவு. தமிழ்நாட்டில் மேலவை 1986இல் கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு, உள்ளாட்சிக்காரர்கள் அனுப்பிவைத்தவர் என்று சொல்ல சென்னையில் ஒருவரும் இல்லை. 234 பேரவை உறுப்பினர்கள், அதில் நம் மாவட்டத்துக்கு 9 பேர். அவர்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். அப்படியானால் நம் காகிதம் அவர்கள் கையில் பயன்படும் காகிதமாக இருக்க வேண்டும்.

சரி, உங்கள் பட்டியலுக்கு வருவோம்.

நான்காவது கோரிக்கை: "தொழில்வரி உச்சவரம்பை உயர்த்திப் பேரூராட்சியின் வருவாயைப் பெருக்க அரசைக் கேட்டுக்கொள்கிறோம்." பெரிய கடைகளும் வங்கிக் கிளைகளும் ஊருக்குள் வந்துவிட்டன, வரி மட்டும் அப்படியே நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் தொழில்வரி கூடாது என்று அரசியலமைப்பின் 276ஆவது பிரிவே சொல்கிறது. 1988இல் 60ஆவது திருத்தத்தில் 250 ரூபாயிலிருந்து இந்த அளவுக்கு உயர்த்தினார்கள். அரையாண்டுக்கு 1,250 ரூபாய் என்று உங்கள் அலுவலகம் ரசீது போடுகிறதே, அது இங்கிருந்து வருவதுதான். இதை மாற்ற நாடாளுமன்றத்தில் அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். எம்.எல்.ஏ. இதைப் பேரவையில் எழுப்பினால் அமைச்சர் ஒரு வரியில் பதில் சொல்லி உட்கார்ந்துவிடுவார், உங்கள் ஊர் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்ற பெயரும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கோரிக்கையை உங்கள் எம்.பி.க்கு அனுப்புங்கள். ரயில்வே இடத்துக்குச் சொத்துவரி கேட்டதும் இதே வகைதான். ஒன்றிய அரசின் சொத்துக்கு மாநிலமும் உள்ளாட்சியும் வரி போட முடியாது என்று 285ஆவது பிரிவு தடுக்கிறது. ரயில் நிறுத்தம் கேட்டதையும் இவற்றோடு சேர்த்துவிடுங்கள்.

மன்றமே செய்யக்கூடிய எட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாய்க்காலில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு அபராதம் விதிக்கச் "சட்டம் இயற்ற" கேட்டிருக்கிறீர்கள். 2016இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே, ஒவ்வொரு உள்ளாட்சியும் இதற்கு உபவிதி, அதாவது தன் ஊருக்கான விதி, செய்துகொள்ள வேண்டும் என்று சொல்லின. உங்கள் அலுவலகத்தில் அந்த உபவிதி இருக்கிறதா, இருந்தால் இதுவரை எத்தனை பேருக்கு அபராதம் போட்டீர்கள் என்று செயல் அலுவலரிடம் கேளுங்கள். சென்னைக்குப் போகும் முன் இந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும். மீதி ஏழும் ஏறக்குறைய இதே கதைதான்.

பத்துத் துறைக் கோரிக்கைகளில் சுடுகாட்டுச் சாலை, தகன மேடை, கழிப்பறை, தெருவிளக்கு எல்லாம் பணம் சம்பந்தப்பட்டவை. கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம் மாதிரியான திட்டங்கள் இருக்கின்றன, எம்.எல்.ஏ.வின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. அதற்கெல்லாம் எஸ்டிமேட்டோடு போக வேண்டும். உறுப்பினர்களின் மதிப்பூதியத்தைக் கூட்டச் சொன்னதும் அரசு உத்தரவில் முடிகிற காரியம்தான். 2023இல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாதம் 2,500 ரூபாய் என்று வந்ததும் அப்படித்தான்.

இனி வாய்க்கால். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நான் செயல் அலுவலராக இருந்த ஓர் ஊரில், பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போகும் வாய்க்காலில் ஒரு சிறுபாலம் இடிந்து அடைத்துக்கொண்டது. மழை வந்தால் வகுப்பறைக்குள் தண்ணீர். மன்றம் மூன்று முறை தீர்மானம் போட்டது, மூன்று முறையும் நான் மேலே அனுப்பினேன். பதினான்கு மாதம் கழித்து ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே ஒரே வரி: "இப்பொருள் இத்துறையைச் சார்ந்ததன்று." அந்த அலுவலகத்தின் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மறுநாள் சர்வேயரைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் நெடுகிலும் நடந்தேன். கிராம நிர்வாக அலுவலரிடம், எந்தச் சர்வே எண் யாருடையது என்று காட்டும் அ பதிவேட்டை விரித்துப் பார்த்தோம். வாய்க்கால் ஒரு துறையுடையது, பாலம் இருந்த சாலை இன்னொரு துறையுடையது. எங்கள் பேரூராட்சிக்கு அதில் ஓர் அடிகூடச் சொந்தமில்லை. மூன்று தீர்மானத்திலும் சர்வே எண்ணே எழுதாமல், "மேற்படி வாய்க்கால்" என்று மட்டும் எழுதி, எங்கள் துறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தோம். தவறு எங்களுடையது, அதாவது என்னுடையது. பிறகு ஒரு பக்கத்தில் சர்வே எண், நீளம், பள்ளிச் சுவரில் தண்ணீர் நின்ற கறையின் போட்டோ எல்லாம் வைத்து உரிய பொறியாளருக்கு அனுப்பி, அதே பக்கத்தை எம்.எல்.ஏ.விடமும் கொடுத்தோம். அவர் அதைக் கேள்வியாகவே எழுதிக் கொடுத்தார். அந்த வருடமே எஸ்டிமேட் போட ஆள் வந்தார்கள்.

உங்கள் இரண்டு தீர்மானங்களையும் பார்த்தேன். இரண்டிலும் சர்வே எண் இல்லை.

ஆகவே முதலில் அ பதிவேட்டைப் பாருங்கள். அந்த வாய்க்கால் நீர்வளத் துறையுடையதா, பேரூராட்சியுடையதா? 2021இல் பொதுப்பணித் துறையிலிருந்து நீர்வளத் துறை தனியாகப் பிரிந்தது. பழைய பதிவுகளில் பொதுப்பணித் துறை என்றே இருக்கலாம், குழம்ப வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே வடிகிறது என்று ஒரு கைவரைபடம் போடுங்கள். ஆகாயத்தாமரை எந்த இடத்தில் அடைத்திருக்கிறது, எந்த இடத்தில் ஆக்கிரமிப்பு என்று குறியுங்கள். அப்புறம், நான்கு நாள் தண்ணீர் நின்றது என்கிறீர்களே, அந்தக் கறை இன்னும் சில வீட்டுச் சுவர்களில் இருக்கும். வெள்ளையடிப்பதற்கு முன் அளவு டேப்பைத் தரையிலிருந்து கறை வரை பிடித்துப் படம் எடுத்து, தெருப்பெயரை எழுதிவையுங்கள். மூன்றடி இரண்டங்குலம் என்று டேப்பில் தெரியும் ஒரு படம், "மக்கள் சொல்லொணாத் துயரத்துக்கு ஆளாகின்றனர்" என்ற வரியைவிட ஆயிரம் மடங்கு பேசும்.

இன்னொன்று. நம்முடையதை வடிகால் மாவட்டம் என்று சொல்கிறோம். தென்பெண்ணை, கெடிலம், பரவனாறு, வெள்ளாறு, கொள்ளிடம் எல்லாம் எங்கெங்கோ பெய்த மழையை நம் வாசல் வழியாகத்தான் கடலுக்குக் கொண்டுபோகின்றன. உங்கள் வார்டில் நின்ற தண்ணீர் உங்கள் ஊரில் பெய்ததாக மட்டும் இருக்காது. வாய்க்காலின் மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இருக்கும் ஊர்கள் எவை? அவற்றில் பேரூராட்சியோ நகராட்சியோ இருந்தால் அந்த மன்றங்களிலும் இதே வாசகத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். ஓர் ஊர் கேட்டால் அது வார்டுப் பிரச்சினையாக நின்றுவிடும். நான்கு ஊர் ஒரே வாசகத்தில் கேட்டால் ஒரு வடிநிலத்தின் கருத்துருவாகிவிடும். ஊராட்சிகளுக்கு இந்த வாய்ப்பு அறுந்துபோன காலத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்து ஊராட்சிகளில் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. எல்லையைத் தாண்டினால் புதுச்சேரியில் 2006இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலுக்குப் பிறகு பல வருடம் மன்றமே இல்லாமல் மக்கள் இருந்தார்கள். தீர்மானம் போட ஒரு மன்றம் இருப்பதே எவ்வளவு பெரிது என்று அங்கே ஒரு வீட்டில் கேட்டுப் பாருங்கள். உங்கள் தீர்மானத்துக்கு மதிப்பு இருக்கிறது, சகோதரி.

இப்போது சட்டம் தேவைப்படும் அந்த இரண்டு.

17ஆவது, பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. 2022இல் உறுப்பினர்கள்தான் தலைவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். இதை மாற்றச் சட்டத் திருத்தம் வேண்டும். இதில் கட்சிகளுக்குள் கருத்து வேறுபாடு நிறைய. உங்கள் மன்றத்திலேயே எல்லாருக்கும் சம்மதமா என்பதும் எனக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு இதைத் தள்ளிவைக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

19ஆவதுதான் என்னை உட்காரவைத்துவிட்டது. "மன்றம் ஒருமனதாக நிறைவேற்றி அனுப்பும் தீர்மானத்துக்கு அரசு குறித்த நாளுக்குள் பதில் தர வேண்டும் எனச் சட்டம் கொண்டுவர வேண்டும்." யார் எழுதியது இது? நீங்களா? இருபத்து மூன்றில் முதலில் வைத்திருக்க வேண்டிய கோரிக்கை இதுதான். மற்ற இருபத்திரண்டுக்கும் கதவு திறக்கும் கோரிக்கை. தகவல் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. தனி மனிதர் ஒருவர் 10 ரூபாய் கட்டணம் செலுத்தி ஒரு வெள்ளைத்தாளில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆயிரக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒரு மன்றம் கைதூக்கி நிறைவேற்றிய தீர்மானத்துக்குப் பதில் வர இரண்டரை வருடமும் போதவில்லை என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. என் பணிக்காலம் முழுக்க, இத்தனை நாளில் பதில் வரும் என்று எதிர்பார்த்து நான் ஒரு கோப்பையும் அனுப்பியதில்லை. அப்படி எதிர்பார்க்கலாம் என்பதுகூட எனக்குத் தோன்றியதில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

இதைக் கேட்கும் விதத்தைச் சொல்கிறேன். பேரூராட்சிகளை நூறு வருடத்துக்கு முந்தைய 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம்தான் வெகுகாலம் நடத்தியது. தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 1998இலேயே நிறைவேறியும், நிறுத்திவைக்கப்பட்டு, திருத்தங்களோடும் 2023ஆம் ஆண்டு விதிகளோடும் 2023 ஏப்ரல் 13இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது உங்களுக்குப் பொருந்துவது இந்தச் சட்டம். அதனால் தீர்மானம் இப்படி இருக்கட்டும்:

"தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம், 1998இன் கீழ் அமைந்த மன்றம் தீர்மானமாக நிறைவேற்றி அரசுக்கோ துறைத் தலைவருக்கோ அனுப்பும் கோரிக்கைக்கு, அது கிடைத்த 60 நாட்களுக்குள், ஏற்கப்பட்டதா, மறுக்கப்பட்டதா, எந்த நிலையில் உள்ளது என்பதைக் காரணத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்ற பிரிவை அச்சட்டத்தில் சேர்க்கவும், அதுவரை இதையே அரசாணையாகப் பிறப்பிக்கவும் கேட்டுக்கொள்ளப்படுகிறது."

கடைசியில் அரசாணையும் கேட்டிருப்பதைக் கவனியுங்கள். திருத்த மசோதாவுக்கு நாளாகும். அரசாணை அமைச்சர் மனம் வைத்தால் ஒரு மாதத்தில் வரும். இரண்டு கதவையும் ஒரே கடிதத்தில் தட்டலாம். "ஆவன செய்ய வேண்டும்" என்று மட்டும் எழுதாதீர்கள். எந்தச் சட்டம், என்ன வாசகம், எத்தனை நாள் என்று இருந்தால்தான் சட்டத் துறையில் உட்கார்ந்திருப்பவர் அதை வைத்து வேலை செய்ய முடியும்.

நடக்குமா என்று கேட்பீர்கள். உள்ளாட்சிச் சட்டத்தைத் திருத்துவது நம் பேரவைக்குப் புதிதல்ல. பெண்களுக்கான இடஒதுக்கீட்டை மூன்றில் ஒரு பங்கிலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது 2016இல் ஒரு திருத்தம். மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக்கும் திருத்த மசோதாக்கள் 2025 ஏப்ரலில் வந்தன. ஜி.எஸ்.டி. வந்த 2017இல், கேளிக்கை வரி உள்ளாட்சிகள் கையை விட்டுப் போகாமல் இருக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். கேட்பவர்கள் விடாமல் கேட்டால் சட்டம் நகர்கிறது.

அடுத்து எம்.எல்.ஏ. சால்வை போட்டது நம் மரியாதை, அதில் தவறில்லை. ஆனால் விழா மேடையில் வாங்கும் காகிதங்கள் காரின் பின்சீட்டில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஒரு வேலைநாள் காலையில் அவர் அலுவலகத்துக்குப் போங்கள். தலைவரும் செயல் அலுவலரும் உடன் வரட்டும். பேசுவது நீங்களாக இருக்கட்டும். மூத்தவர்கள் பேசட்டும் என்று ஒதுங்காதீர்கள், நான்கு நாள் அந்தத் தண்ணீரில் நின்றவர் நீங்கள். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். 2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 பேருக்கும் கடிதம் எழுதியபோது, தொகுதிக்கே பத்துக் கோரிக்கைகளைத்தான் கேட்டார். ஒரு முழுத் தொகுதிக்குப் பத்து என்றால் ஒரு பேரூராட்சிக்கு மூன்றே அதிகம். ஒவ்வொன்றும் தனித்தனிப் பக்கத்தில், தீர்மான எண்ணும் தேதியும், முன்பு அனுப்பிய கடிதத்தின் ந.க. எண்ணும் (அலுவலகக் கோப்பு எண்) மேலே தெரியும்படி இருக்கட்டும். உதவியாளரின் கையெழுத்தோடு ஒரு நகலைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அவரிடம், "பேரவையில் பேசுங்கள்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். வாய்க்காலைக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள், கேள்வி வடிவிலேயே எழுதிக் கொடுங்கள்: "இன்ன சர்வே எண்ணில் உள்ள வடிகால் வாய்க்காலைத் தூர்வாரி இருபுறமும் சுவர் கட்ட அரசு முன்வருமா?" பேரவையில் கேள்விகள் இந்த நடையில்தான் வரும். பதில் தயாரிக்கத் துறை தன் கோப்பைத் திறந்தாக வேண்டும், கீழே உள்ள பொறியாளருக்குப் போன் வரும். பாதி வேலை அதிலேயே நடக்கும். 19ஆவது கோரிக்கைக்கு, நகராட்சி நிர்வாகத் துறைக்கான நிதி ஒதுக்கீட்டைப் பேரவை விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் ஒரு நிமிடம் பேசச் சொல்லிக் கேளுங்கள். அவர் எதிர்க்கட்சிக்காரராக இருந்தால், அந்த ஒதுக்கீட்டைக் குறைக்கச் சொல்லிக் குறையைச் சுட்டும் வெட்டுத் தீர்மானத்தில் சேர்க்கலாம். ஆளுங்கட்சி என்றால் அமைச்சரின் அறிவிப்புப் பட்டியலில் சேர்க்க முன்கூட்டியே பேசலாம். அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே கொண்டுவரும் தனிநபர் மசோதாவைக் கொண்டுவரச் சொல்லி அவரை நெருக்க வேண்டாம். அரசுத் தரப்பு கையில் எடுக்காமல் அது கரைசேர்வது அரிது.

அமைச்சர் எழுந்து "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லிவிட்டால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். அமைச்சர்கள் அவையில் கொடுக்கும் வாக்குறுதி என்ன ஆனது என்று பார்க்கப் பேரவையில் உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து ஆய்வு செய்யும் குழு அது. மனுக்கள் குழுவும் அப்படித்தான். கடலூருக்கு அவர்கள் வரும் தேதி ஆட்சியர் அலுவலகத்தில் தெரியும். அன்றைக்கு உங்கள் டேப் வைத்த போட்டோவோடு அங்கே இருங்கள்.

காலம் முக்கியம். துறைகள் அடுத்த ஆண்டுக்குக் கேட்க வேண்டியதை முடிவு செய்வது பட்ஜெட்டுக்குச் சில மாதம் முன்பே. மார்ச்சில் கொடுத்த மனு, ஓடிப்போன ரயிலுக்கு வாங்கிய டிக்கெட் மாதிரி. நவம்பர், டிசம்பரில் உங்கள் காகிதம் சென்னையில் இருக்க வேண்டும். சட்டமன்றத் தேர்தல் நெருங்கும் வருடமாக இருந்தால், எல்லாக் கட்சி வேட்பாளர்களிடமும் இதே மூன்று பக்கத்தைக் கொடுத்துவிடுங்கள், யார் வந்தாலும் உங்கள் ஊர்ப் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் மன்றத்தின் ஐந்து வருடம் 2027 மார்ச்சில் நிறைவடைகிறது. அதற்குள் வாய்க்கால் முழுசாக முடியாமல் போகலாம். கோப்பு ஒழுங்காக இருந்தால் அடுத்து வருகிறவர் அதன் மேலேயே தொடரலாம். அதற்காகவாவது நகல்களை ஒரு தனிக் கோப்பில் போட்டு அலுவலகத்தில் ஒப்படைத்துவிடுங்கள்.

ஏற்கெனவே அனுப்பிய தீர்மானங்கள் எந்த மேசையில் இருக்கின்றன என்று தெரிய, நீங்களே ஒரு தகவல் உரிமை மனு போடலாம். உறுப்பினர் போடக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாட்டின் குடிமக்கள் எல்லாருக்கும் உள்ள உரிமை அது.

வார்டுக்குள் போவதை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கேள்வியைக் கேட்டவரையே கூப்பிட்டு, டேப்பின் ஒரு முனையைப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் வீட்டுச் சுவரிலிருந்தே தொடங்குங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்கு அஜெண்டா தயாராகும் முன், வாய்க்காலுக்கு ஒன்று, 19ஆவதுக்கு ஒன்று என்று இரண்டு பக்கம் எழுதி எனக்கு அனுப்புங்கள். அ பதிவேட்டின் நகலும் இருக்கட்டும். பார்த்துத் திருத்தி ஒரு வாரத்தில் திருப்பி அனுப்புகிறேன்.